மிச்சத் தொட்டி

ஐந்தாம் தொட்டியை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று இயக்குநர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொன்னார். காலி செய்வது என்றால் எங்கள் தவளைக் காப்பகத்தில் ஒரே அர்த்தம்தான். மயக்க மருந்து கலந்த நீரில் தவளைகளை விட்டு, அசைவு நிற்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியே கொண்டுபோய் விட வழியில்லை. அவை வாழ்ந்த ஓடைகளில், அவற்றைக் கொன்ற பூஞ்சை இன்னும் இருக்கிறது.

"யாரு பண்றது?" என்று டாக்டரக்கா கேட்டார். அவர் எங்கள் கால்நடை மருத்துவர்.

"மருந்து நீங்க. கூட நிக்கறது நம்ம பாப்பா."

பாப்பா நான்தான். ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கூட்டத்தில் வாய் திறக்காதவர்களுக்கு மற்றவர்கள் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்றார் இயக்குநர். என் முகம் ஏதோ காட்டியிருக்க வேண்டும்.

"இல்ல சார்."

தொட்டியைக் காலி செய்யக் காரணம் இதுதான். தவளை அறையில் பாதி, பார்வையாளர் கூடமாக மாறப்போகிறது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஃபைபரில் ஒரு தவளை வரும். அதன் வாய்க்குள் உட்கார்ந்து குழந்தைகள் படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தவளைக்கு இடம் வேண்டுமானால் நிஜத் தவளைகளின் ஒரு தொட்டி போக வேண்டும். எந்தத் தொட்டி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எங்களிடம் இருப்பது ஒரே ஓர் இனம். கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம், பார்த்தால் ஈரமான சருகு. தோலால் தண்ணீர் குடிக்கும், பாதி மூச்சும் தோலால்தான். பூஞ்சை வந்து தோலைத் தடிக்கச் செய்ததும் கொத்துக்கொத்தாகச் செத்தன. இன்று இந்த இனம் எங்கள் அறைக்கு வெளியே எங்கும் இல்லை. முதல் நான்கு தொட்டிகளில் இருப்பவை பெரிய ஓடையிலிருந்து வந்த இரண்டு ஜோடிகளின் வாரிசுகள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஐந்தாவதில் பதினொன்று. கடைசித் தேடலின்போது, ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கும் நீர்க்கசிவுப் பாறைகளிலிருந்து பாறைக்கு ஒன்றாகப் பொறுக்கி வந்தவை. அதனால் அதற்கு மிச்சத் தொட்டி என்று பெயர். அவை இதுவரை முட்டையிடவில்லை.

"முட்டையே போடாத தவளைய வச்சு என்ன பண்றது?" என்று இயக்குநர் கூட்டத்தில் கேட்டதற்கு, டாக்டரக்கா, "கல்யாணமாகி ஆறு மாசத்துல விசேஷம் இல்லையான்னு கேக்கற மாமியார் மாதிரி பேசாதீங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். பிறகு அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார்.

அறிக்கை நோய் எதிர்ப்பு மரபணுக்களைப் பற்றியது. உடம்புக்குள் நுழைந்த கிருமியின் ஒரு துண்டைப் பிடித்து, காவல் செல்களிடம் 'இதோ பார், இவன்தான்' என்று காட்டும் கைகளை உருவாக்குபவை அந்த மரபணுக்கள். ஒவ்வொரு வடிவக் கையும் வேறு வேறு துண்டைப் பிடிக்கும். ஒரு கூட்டத்தில் எத்தனை வடிவங்கள் இருக்கின்றனவோ அத்தனை வகைக் கிருமிகளை அடையாளம் காட்ட முடியும். அறிக்கைப்படி முதல் நான்கு தொட்டிகளில் எட்டு வடிவங்கள் இருந்தன. மிச்சத் தொட்டியில் இரண்டே இரண்டு.

"பாருங்க, உள்ள சரக்கே இல்ல" என்றார் இயக்குநர்.

*

செவ்வாய்க்கிழமை நானும் டாக்டரக்காவும் தொட்டிகளைச் சுத்தம் செய்தோம். கிருமிநாசினித் தட்டில் பூட்ஸை நனைத்துவிட்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் கையுறை மாற்ற வேண்டும். மிச்சத் தொட்டிக்கு டாக்டரக்கா எப்போதும் கடைசியில்தான் வருவார். அந்தத் தவளைகளுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கோபக்காரி. எந்த வெட்டுக்கிளி எங்கே போகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது கணக்குப்பிள்ளை.

"கோபக்காரிய நான் எப்படிப் புடிக்கப்போறேனோ" என்றார். "மூஞ்சப் பாத்தாலே திட்டறா மாதிரி இருக்கு."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, போன வருஷம் வடிகட்டி உடைஞ்சுதுல்ல?"

"அந்தக் கூத்த மறக்க முடியுமா? எல்லாத் தொட்டித் தண்ணியும் ஒண்ணாக் கலந்து, கால் சிவப்பு நோய் வந்து, அள்ளி அள்ளிப் புதைச்சோம்."

"இதுல எத்தன செத்துச்சு?"

டாக்டரக்கா நிமிர்ந்தார். "இதுல ஒண்ணும் சாகல. மூணுக்கு லேசா செவந்துது. தானா சரியாயிடுச்சு."

"அதே தண்ணிதானே அக்கா."

"அதேதான்."

இரண்டே வடிவக் கைகள் இருக்கும் கூட்டம் எப்படித் தப்பித்தது? துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கோபக்காரி என்னைப் பார்த்துத் தொண்டையை ஏற்றி இறக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தது அவளுக்கு உறவே இல்லை. அதற்கு அடுத்தது இரண்டுக்குமே உறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மரபணுவைப் படிப்பதற்கு முன் அதை இயந்திரத்தில் பல லட்சம் நகல் எடுப்போம். நகல் எடுக்கும்போது சில சமயம் ஒரு வடிவத்தின் முன்பாதியும் இன்னொன்றின் பின்பாதியும் ஒட்டிக்கொண்டு, எந்தத் தவளையிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பிறந்துவிடும். அந்தப் போலிகளைக் களைய எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு வடிவம் குறைந்தது இரண்டு தவளைகளில் தெரிந்தால்தான் அது உண்மை. ஒரே தவளையில் மட்டும் வந்தால் பிழை என்று தள்ளிவிட வேண்டும். இயக்குநர் இந்த விதியை அத்தனை முறை சொன்னதில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ரெண்டுதரம் என்றே பெயர்.

அண்ணன் தம்பிகளாக இருக்கும் முதல் நான்கு தொட்டிகளுக்கு விதி சரியாகத்தான் வேலை செய்யும். ஒருவனிடம் இருப்பது இன்னொருவனிடமும் இருக்கும். ஆனால் பாறைக்கு ஒன்றாக வந்த அந்நியர்களிடம்? ஒவ்வொன்றும் தன்னிடம் மட்டுமே இருப்பதைக் கொண்டுவந்திருக்கும். அதை மற்றொன்றில் தேடினால் கிடைக்காது. அவை வேறுபட்டிருக்க வேறுபட்டிருக்க, எங்கள் விதி அவற்றை ஒன்றுமில்லாதவை என்று சொல்லிக்கொண்டே போகும்.

"அக்கா" என்றேன். "இதுங்ககிட்ட சரக்கு இல்லாம இல்ல. நாமதான் தூக்கிப் போட்டுட்டோம்."

சொல்லி முடித்ததும் டாக்டரக்கா கையுறையைக் கழற்றினார். "இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? மேல போ."

"நீங்களும் வாங்க அக்கா."

"நான் வந்தா நான்தான் பேசுவேன். போடி."

*

மாடியில் இயக்குநர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கூடத்துக்குப் போகும் வழியின் சுவரை அளந்துகொண்டிருந்தார். இன்னொரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டே சொன்னேன். பாதியில் இரண்டு முறை தடுமாறினேன். அவர் குறுக்கிடவில்லை.

"இந்த விதிய நான் கண்டுபுடிக்கலம்மா" என்றார் கடைசியில். "நகல் மெஷின் எவ்வளவு பொய் சொல்லும் தெரியுமா? உன் வயசுல நான் புது வடிவம் கண்டுபுடிச்சிட்டேன்னு ஊர்பூரா சொன்னேன். அப்புறம் பாத்தா அது ரெண்டு பழச ஒட்டவச்சது. மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறதுன்னே தெரியல."

"அப்ப ஒவ்வொரு தவளைக்கும் தனித்தனியா ரெண்டு தடவ நகல் எடுக்கலாம் சார். ஒரே போலி ரெண்டு தடவயும் அதே மாதிரி வராது. ரெண்டுலயும் வந்தா நிஜம்."

"எடுக்கலாம். எதை வச்சு எடுப்ப? இந்த வருஷ ரசாயனம் முடிஞ்சுபோச்சு." நாடாவைச் சுருட்டினார். "முடிவெடுத்தாச்சும்மா. வெள்ளிக்கிழமை குழாய்க்காரங்க வராங்க."

வருட ரசாயனம் முடிந்திருந்தது. ஆனால் என்னுடையது முடியவில்லை. தலைப்பிரட்டைகளில் செய்ய வேண்டிய என் சொந்த ஆய்வுக்காக உறைபெட்டியில் ஒரு பெட்டி இருந்தது. அந்த ஆய்வைக் காட்டித்தான் வரும் பருவத்தில் மேல்படிப்புக்கு இடம் கேட்கவிருந்தேன். அதைத் தொட்டால் இந்த வருடம் இடம் இல்லை.

மாலையில் அம்மா ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் அவள் தொழில். எங்கள் வீட்டில் முக்கியமான பேச்சு எல்லாமே அவள் வாயில் நூல் இருக்கும்போதுதான் நடக்கும்.

"அந்தப் பெட்டிய எடுக்கப்போறேம்மா."

"எந்தப் பெட்டி?"

சொன்னேன். நூலை வாயிலிருந்து எடுத்தாள். "ஓட்டல்ல தண்ணி கேக்கணும்னாகூட என்னைத்தான் கேக்கச் சொல்லுவ. இப்ப தவளைக்காக மேலதிகாரிகிட்ட மல்லுக்கட்டப் போறியா?"

"ஆமா."

"அந்தப் படிப்புக்கு எத்தன நாளா ஒத்தக்கால்ல நிக்கற. அது போனா பரவால்லையா?"

"அடுத்த வருஷம் கேப்பேன்."

"அடுத்த வருஷமும் எடம் குடுக்கற எடத்துல உங்க சாரேதான் உக்காந்திருப்பாரு. 'வாம்மா, தவளைக்காரி'ம்பாரு." ஊசியில் நூல் கோக்க முயன்றாள். இரண்டு முறை தவறியது. "பதினொரு தவளை. தெருவுல மழை பேஞ்சா அதுக்கு மேல கெடக்கு."

"அது வேற தவளைம்மா."

"எல்லாருக்கும் அவங்கவங்க தவளை வேற தவளைதான்." பிறகு, கோபம் குறையாமலே, "சாப்பிட்டுட்டுத் தொலை. வயித்துக்கு ஒண்ணுமில்லாம சண்டை போடாத" என்றாள்.

*

புதன்கிழமை காலையில் பதினொன்றின் வாயிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தேன். கணக்குப்பிள்ளை குச்சியைப் புழு என்று நினைத்து விழுங்கப் பார்த்தது. ஒவ்வொன்றையும் இரண்டு குழாயில், கலவையைத் தனித்தனியாகக் கலந்து இயந்திரத்தில் வைத்தேன். பெட்டி காலியானது. காலிப் பெட்டியை உறைபெட்டியில் திரும்பவும் வைத்து மறைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் முடிவு வந்தது. நான் நினைத்த அளவுக்கு இல்லை. விதி தள்ளியவற்றில் பாதிக்கு மேல் போலிகள்தான். ஒருமுறை வந்தவை மறுமுறை காணாமல் போயிருந்தன. மிச்சமிருந்தவை பத்தொன்பது. அவை இரண்டு முறையும் ஓர் எழுத்தும் மாறாமல் வந்திருந்தன. முதல் நான்கு தொட்டிகளின் எட்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

மேலே போனேன். இந்தமுறை உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநர் கணினித் திரையை நெடுநேரம் பார்த்தார். எழுத்து எழுத்தாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது. தான் ஒரு காலத்தில் ஏமாந்த மாதிரி இது இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பாதிக்கு மேல பிழைன்னு நீயே சொல்ற."

"ஆமா சார். மீதி பிழை இல்ல."

"சரி, இல்லன்னே வச்சுக்குவோம். நாலு தொட்டி ஆரோக்கியமா இருக்கு. இனம் தப்பிச்சாச்சு."

"அது நாலும் ஒரே குடும்பம் சார். பூஞ்சை எங்கயும் போகல, அதுவும் மாறிக்கிட்டேதான் இருக்கு. கிருமி எந்தக் கைய அதிகமா பாக்குதோ அதுக்குத் தப்பிக்கத்தான் கத்துக்கும். எங்கயோ ஒண்ணுகிட்ட மட்டும் இருக்கற கைய அது பாத்தே இருக்காது. அதனாலதான் அபூர்வமானது இத்தன லட்சம் வருஷம் அழியாம நின்னுது." திரையைக் காட்டினேன். "நம்ம விதி அபூர்வமானத மட்டும் பாத்துப் பாத்து எடுத்து வெளிய போடுது சார்."

"பேசக்கூட தெரியுமா உனக்கு?" என்றார். கேலி இல்லை, ஆச்சரியம்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா இடம் இல்ல. கூடத்துக்குப் பணம் குடுத்தவங்ககிட்ட 'பதினொரு தவளை குறுக்க வந்துடுச்சு'ன்னு என்னால சொல்ல முடியாது. நாளைக்குப் பத்து மணி."

அதுவரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. உண்மையைக் காட்டினால் போதும் என்று. அந்த நிமிடத்தில் அது போனது. அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்தும் சொல்கிறார்.

"நான் கூட நிக்க மாட்டேன் சார்."

"என்ன?"

"நாளைக்கு. நான் செய்ய மாட்டேன்."

"இது வேலைம்மா. புடிச்சா செய்யறது, புடிக்கலன்னா விடறது இல்ல."

"வேலை போனாலும் செய்ய மாட்டேன் சார்."

எழுந்து வந்துவிட்டேன்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இயக்குநர் தவளை அறைக்கு வந்தார். குழாய்க்காரரும் அவர் உதவியாளரும் வாசலில் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். டாக்டரக்கா மருந்துப் புட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"ஆரம்பிக்கலாமே டாக்டர்."

"ஆரோக்கியமான பிராணிக்கு இந்த மருந்து குடுக்கணும்னா ரெண்டு பேர் இருக்கணும்னு சட்டம் சார். பாப்பா மாட்டேங்கறா. நான் ஒருத்திதான் இருக்கேன்."

"அப்ப நான் நிக்கறேன்."

"வாங்க. பூட்ஸ நனைச்சுட்டு, கையுறை போட்டுக்கங்க. புடிச்சுத் தரவேண்டியது நீங்கதான்."

அவர் கடைசியாக ஒரு தவளையைக் கையில் பிடித்து எத்தனை வருடம் ஆனதோ. கையுறையில் இரண்டு விரல்களை ஒரே துளைக்குள் விட்டு, எடுத்து, மறுபடி போட்டார். தொட்டியின் மூடியைத் திறந்தார். நான் வெளியே போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். ஆனால் கால் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவர் கைக்கு முதலில் வந்தது மூலையில் இருந்தவள்தான்.

"அது வடக்குப் பாறையிலேர்ந்து வந்தது சார்" என்றேன். "அதுகிட்ட மூணு வடிவம் இருக்கு. வேற எதுகிட்டயும் இல்லாதது."

அவர் திரும்பவில்லை. கோபக்காரி விரல்களுக்கு நடுவே நழுவினாள். கை அடுத்ததை நோக்கிப் போனது.

"இது அருவிக்குப் பின்னால ஒரு வெடிப்புல இருந்துது. ரெண்டு வடிவம். இது போனா ரெண்டும் போச்சு."

"நிறுத்தும்மா."

"அந்த எலைக்கு அடில இருக்கறதுகிட்ட ஒண்ணுதான். ஆனா அந்த ஒண்ணு மத்த எல்லாத்தையும் விட ரொம்பப் பழசு. வேற இனத் தவளைகள்லகூட அதே மாதிரி இருக்கு. ரெண்டு இனமும் பிரியறதுக்கு முன்னாடியே இருந்துருக்கு."

"என்னை மிரட்டறியா?"

"இல்ல சார். எதக் கொல்றீங்கன்னு சொல்றேன். அறிக்கையில அது இல்ல. இங்க நின்னு நான்தான் சொல்லணும்."

அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அழவில்லை. குழாய்க்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அடுத்தது சொல்லவா சார்? இன்னும் எட்டு இருக்கு."

இயக்குநரின் கை தண்ணீருக்கு மேலே நின்றது. கையுறையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை அந்தச் சொட்டுகளைத் தலை திருப்பித் திருப்பிப் பார்த்தது. டாக்டரக்கா எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"உன் தலைப்பிரட்டை ஆய்வு என்ன ஆச்சு?" என்றார் இயக்குநர்.

"ரசாயனம் தீந்துபோச்சு சார்."

"இந்த வருஷம் உனக்கு இடம் கெடைக்காது."

"தெரியும்."

"கெடைக்கும்படி நான் எதுவும் செய்யவும் மாட்டேன்."

"கேக்கல சார்."

அவர் மூடியைப் போட்டார். கையுறைகளைக் கழற்றிக் கூடையில் எறிந்தார். ஒன்று வெளியே விழுந்தது. குனிந்து எடுத்துச் சரியாகப் போட்டார். "திங்கட்கிழமை பேசுவோம்" என்றார்.

"திங்கட்கிழமையும் இதேதான் சார் சொல்வேன். அன்னைக்கும் பேர் பேரா சொல்வேன்."

அவர் வெளியே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

குழாய்க்காரர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, எங்களுக்கு என்ன சொல்றீங்க? அஞ்சாவது லைன கழட்டச் சொல்லி எழுதியிருக்கு. கழட்டுறதா, வேணாமா?"

டாக்டரக்கா வேண்டுமென்றே மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"வேணாண்ணே" என்றேன். "அதுக்குத் தண்ணி போயிட்டே இருக்கணும்."

"யாரு வேலைய நிறுத்தச் சொன்னாங்கன்னு ஆபீஸ்ல கேப்பாங்களே. சாரா?"

"சார் இல்ல. நான்."

"நீங்கன்னா?"

என் முழுப் பெயரையும் சொன்னேன். அவருக்கு அதை எழுத வரவில்லை என்றதும், பேனாவை வாங்கி அவருடைய வேலைத்தாளில் நானே எழுதிக் கொடுத்தேன்.